டிராயிங் கைமாறும் முன்: பெங்களூரில் சேவைத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு

பீனியா தொழிற்பேட்டையில் லேத் வைத்திருப்பவர், பணம் வராவிட்டால் செய்த பாகத்தை அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாம். அனுப்பிவிட்டாலும் போய்க் கேட்க அங்கே ஒரு பொருள் கிடக்கும். அறிவையும் அனுபவத்தையும் விற்கிற நமக்கு அந்த வசதி கிடையாது. டிராயிங்கை மெயிலில் அனுப்பிய மறுநொடி அது வாடிக்கையாளர் கையில். ஆலோசனை சொல்லி முடித்தால் அது அவர் தலைக்குள் போய்விட்டது, திரும்ப வாங்க வழியில்லை. அதோடு பேரம் பேசும் பலமும் அவர் பக்கம் போய்விடும். ஆகவே பேச வேண்டியது எதுவானாலும், கட்டணமோ எல்லையோ தவணையோ, வேலை கைமாறும் முன் பேசி எழுதி முடித்துவிட வேண்டும். இந்தத் தொழிலில் பல வருடம் ஓட்டிய பிறகு புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் இருக்கிறது.

நான் செய்வது இயந்திர வடிவமைப்பு. ஜிக், ஃபிக்சர் (வேலை நடக்கும்போது பாகத்தை மெஷினில் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் சாதனங்கள்), ஸ்பெஷல் பர்பஸ் மெஷின். வாடிக்கையாளர்கள் பீனியா, பொம்மசந்திரா, ஓசூர் பக்கம். அதனால் உதாரணங்கள் அங்கிருந்து வரும். உங்கள் தொழில் கணக்கோ, சட்டமோ, கட்டட வடிவமைப்போ, மென்பொருளோ ஆனால், டிராயிங் என்று வரும் இடத்தில் உங்கள் ரிப்போர்ட்டையோ கோடையோ வைத்துப் படியுங்கள். வருமான வரிக்கு 2026 ஏப்ரலிலிருந்து புதிய சட்டம் வந்துவிட்டது. எண்கள் மாறியிருப்பதால் பிரிவு எண் எதையும் எழுதவில்லை. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கணக்கரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையை விடுவதற்கு முன்

குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்க வேண்டும். முதல் வேலை கிடைக்க இரண்டு மாதம், முடிக்க ஒரு மாதம், பணம் வர இரண்டு மூன்று மாதம் என்று எண்ணினாலே ஆறு வந்துவிடும். அந்தக் காசு இல்லாமல் கிளம்பினால் வருகிற வேலையை எல்லாம் வருகிற விலைக்கு ஒப்புக்கொள்வீர்கள். அப்புறம் அந்த விலையிலிருந்து மேலே ஏறுவது பெரும்பாடு.

முதல் வாடிக்கையாளர் யார் என்பது கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அவர் ஏற்கெனவே உங்கள் வேலையைப் பார்த்தவராக இருப்பார்: பழைய கம்பெனியின் சப்ளையர், வேறு கம்பெனிக்கு மாறிப்போன பழைய மேனேஜர், மெஷின் விற்கும் டீலர். இப்போது வேலை செய்யும் இடத்தின் வாடிக்கையாளரை இழுக்க நினைத்தால் நியமனக் கடிதத்தை எடுத்து ஒரு முறை படித்துவிடுங்கள். வேலையில் இருக்கும்போதே பக்கத்தில் வேறு வேலை செய்வது பெரும்பாலான கடிதங்களில் தடைதான்.

விளம்பரத்தில் காசு போட வேண்டாம். வக்கீல்களுக்கும் சார்ட்டர்டு அக்கவுண்டன்டுகளுக்கும் அவர்கள் மன்றங்களே விளம்பரத்தில் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. மற்றவர்களுக்குத் தடையில்லை என்றாலும் இந்தத் தொழிலில் வேலை வாய்வழியாகத்தான் வருகிறது. எங்கள் துறையில் தும்கூர் ரோட்டில் உள்ள கண்காட்சி மையத்தில் நடக்கும் இம்டெக்ஸ் மெஷின் கண்காட்சிக்கு ஒரு முறை போய் வந்தால் போதும், யார் எந்த மெஷின் வாங்கப் போகிறார் என்று தெரிந்துவிடும். புது மெஷின் வாங்குகிறவருக்கு அடுத்தது ஃபிக்சர் தேவைப்படும்.

அலுவலகம் முதல் வருடம் வேண்டாம். பீனியாக்காரர் உங்கள் இடத்துக்கு வரமாட்டார், நீங்கள்தான் அவர் ஷாப் ஃப்ளோருக்குப் போகப் போகிறீர்கள். பச்சை வழி மெட்ரோ அங்கே போகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. வாடகை வீட்டு முகவரியில் ஜி.எஸ்.டி. பதிய வேண்டுமானால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் கரண்ட் பில்லும் வேண்டும். பெங்களூர் வீட்டுக்காரர்கள் பலர் இந்தக் கடிதம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பகிர்வு அலுவலகம் ஒன்றில் முகவரி மட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும். அலுவலகம் போட்டுப் பலகை மாட்டும் நாள் வந்தால், அதில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்பது 2024இல் கர்நாடகம் கொண்டுவந்த திருத்தம்.

கம்பெனியா, தனி ஆளா?

கிளம்புகிற உற்சாகத்தில் பிரைவேட் லிமிடெட் பதிந்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. விசிட்டிங் கார்டில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வருமானம் சிறியதாக இருக்கும் ஆரம்ப வருடங்களில் தனி உரிமையாளராக இருப்பதில் ஒரு பெரிய சலுகை உண்டு. இன்ஜினியர், வக்கீல், டாக்டர், கட்டடக் கலைஞர், கணக்கர், தொழில்நுட்ப ஆலோசகர் போன்ற தொழில்களில் இருப்பவர்கள் ஆண்டு வரவு 50 லட்சம் வரை, அதில் ரொக்கம் 5 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை, பாதி வரவையே லாபமாகக் காட்டி வரி கட்டலாம். செலவுக் கணக்கை வரித்துறைக்குக் காட்ட வேண்டிய தொல்லை இல்லை. அட்வான்ஸ் வரியும் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டினால் போதும். இந்த வழி தனி ஆளுக்கும் சாதாரண பார்ட்னர்ஷிப்புக்கும் மட்டும்தான். எல்.எல்.பி.க்கும் பிரைவேட் லிமிடெட்டுக்கும் கிடையாது. பெரிய கம்பெனி ஒன்று ‘தனி ஆளிடம் பி.ஓ. (பர்சேஸ் ஆர்டர்) போட மாட்டோம்’ என்று சொல்லும் நாள் வரும், அன்றைக்கு மாறிக்கொள்ளலாம்.

ஜி.எஸ்.டி. பதிவு சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் கட்டாயம். அதற்குக் கீழே இருந்தும் பதிந்துகொள்ளலாம், கம்பெனிகளோடு வேலை செய்வதாக இருந்தால் பதிவதே நல்லது. அவர்களுக்கு நீங்கள் போடும் 18 விழுக்காட்டை அவர்கள் தங்கள் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வார்கள், அதனால் விலை ஏறியதாக நினைக்கமாட்டார்கள். ஓசூர் வாடிக்கையாளருக்குப் பில் போடும்போது மட்டும் கவனம். அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டியதும் அது வேறு மாநிலம். சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பிரிக்காமல் முழுவதையும் ஐ.ஜி.எஸ்.டி.யாகப் போட வேண்டும்.

இத்தோடு நடப்புக் கணக்கு ஒன்று, ஆண்டுக்கு 2,500 ரூபாய் தொழில் வரி, குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் போலித் தளங்கள் நிறைய இருக்கின்றன, அங்கே போகாதீர்கள். இந்தப் பதிவு எதற்கு என்பதைப் பணம் வசூலிக்கும் இடத்தில் சொல்கிறேன். வேலை எடுக்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும். பாக்கி விழுந்த பிறகு பதிந்தால் பழைய பாக்கிக்கு அது செல்லுமா என்று வழக்காட வேண்டி வரும்.

ஒரு மணி நேரத்தின் விலை

புதியவர்கள் கணக்குப் போடும் விதம் இது: ‘கம்பெனியில் 80,000 சம்பளம் வாங்கினேன். மாதம் 200 மணி நேரம் வேலை. மணிக்கு 400. நான் 500 கேட்டால் லாபம்தானே?’

காகிதத்தை எடுத்து எழுதிப் பார்ப்போம். வீட்டுக்கு அதே 80,000 வேண்டும். வடிவமைப்பு சாஃப்ட்வேர் சந்தா, கம்ப்யூட்டர் தேய்மானம் சேர்த்து மாதம் 20,000 வையுங்கள். இடமும் கரண்டும் இன்டர்நெட்டும் 20,000. ஷாப் ஃப்ளோர்களுக்கு அலைய 8,000. கணக்கருக்கும் சில்லறைச் செலவுக்கும் 7,000. முன்பு கம்பெனி கட்டிவந்த மெடிக்கல் இன்சூரன்ஸும் பி.எஃப்.பும் இனி உங்கள் தலையில், அதற்கு 15,000. வேலை இல்லாத மாதத்துக்கு எடுத்து வைக்க 10,000. மொத்தம் 1,60,000 ஆகிவிட்டது.

இப்போது நேரம். 200 மணி நேரம் உழைப்பீர்கள், சந்தேகமில்லை. அதில் பில் போடக்கூடியது எவ்வளவு? குவொட்டேஷன் தயாரிக்க, சில்க் போர்டு டிராஃபிக்கில் நிற்க, பணம் கேட்டு போன் செய்ய, வரி வேலை பார்க்க என்று பாதி போய்விடும். 100 மணி நேரம் தேறினால் நல்ல மாதம். ஆக மணிக்கு 1,600. 500க்கு ஒப்புக்கொண்டவர் ஒவ்வொரு மணி நேரமும் தன் கையிருப்பிலிருந்து 1,100 ரூபாயை வாடிக்கையாளருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சேமிப்பு தீரும் வரை இது தெரியாது.

இந்த எண்ணை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளூர ஒரு அளவுகோலாக வைத்துக்கொண்டு, வேலைக்கு மொத்தமாக ஒரு தொகை சொல்லுங்கள். எங்கள் பக்கம் ஷீட்டுக்கு இவ்வளவு என்று கேட்கும் பழக்கம் உண்டு. ஏ1 ஷீட்டுக்கு ஒரு ரேட், ஏ3க்கு ஒரு ரேட். வரைவாளருக்கு அது சரி. வடிவமைப்பவர் அந்த வலைக்குள் போகக் கூடாது. நல்ல வடிவமைப்பில் பாகங்கள் குறையும், பாகம் குறைந்தால் ஷீட் குறையும், ஷீட் குறைந்தால் கூலி குறையும். மூளையைப் பயன்படுத்தியதற்கு அபராதம் கட்டிய கதையாகிவிடும்.

‘நம்ம ஊர்க்காரர்’ விலை பற்றியும் சொல்ல வேண்டும். பெங்களூரில் தமிழ்ப் பட்டறை முதலாளிகள் நிறைய. சேலம், திருப்பத்தூர், வேலூர் என்று ஊர்ப் பேச்சில் ஆரம்பித்து, காபி வந்து, கடைசியில் ‘தம்பி, நமக்குள்ள என்ன பேப்பரு, பார்த்துப் போட்டுக் கொடுங்க’ என்று முடியும். பாசம் உண்மையானதுதான். அந்தப் பாசத்தைக் காப்பாற்றவாவது பேப்பர் வேண்டும். தள்ளுபடி கொடுக்க மனம் இருந்தால் கொடுங்கள். முழுத் தொகையை எழுதி, கீழே கழிவு என்று தனியாகக் காட்டிக் கொடுங்கள். அடுத்த வேலைக்கு முழுத் தொகையிலிருந்து பேச்சு தொடங்கும்.

வேலையின் எல்லை

இதில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும். இந்த ஒரு தாளைச் சரியாக எழுதத் தெரிந்தவருக்கு மீதித் தொழில் பாதி சுலபம்.

ஒரு உதாரணம். வார்ப்பு ஹவுசிங் ஒன்றின் மேல்முகத்தில் நான்கு துளை போட ஃபிக்சர் வேண்டும். நீங்கள் வடிவமைத்து ஜி.ஏ. டிராயிங்கை, அதாவது முழு அமைப்பைக் காட்டும் டிராயிங்கை, அனுப்பிவிட்டீர்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் பார்த்துவிட்டு போன் செய்கிறார்.

“சார், சூப்பரா இருக்கு. ஒரு சின்ன சேஞ்ச். பக்கவாட்டுல ரெண்டு ஹோல் இருக்கில்ல, அதையும் இதுலயே போட்டுட்டா ஒரு செட்டிங் மிச்சம்.”

அவருக்கு இது இரண்டு துளை. உங்களுக்கு? பக்கவாட்டு முகத்துக்கு டூல் போக வேண்டும் என்றால் ஃபிக்சர் 90 டிகிரி திரும்ப வேண்டும். திரும்ப வேண்டுமென்றால் டிரன்னியன் வேண்டும், பூட்டு வேண்டும். அந்தப் பக்கத்தில்தான் பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் உங்கள் இரண்டு கிளாம்ப்பும் உட்கார்ந்திருக்கின்றன. அவை இடம் மாற வேண்டும். கிளாம்ப் மாறினால் அதற்கு எதிரே கீழிருந்து தாங்கும் இடம் மாற வேண்டும், இல்லாவிட்டால் ஹவுசிங் வளையும். எடை கூடுகிறது, மெஷின் டேபிள் தாங்குமா என்று பார்க்க வேண்டும். நீங்கள் செய்ததில் பேஸ் பிளேட்டைத் தவிர எதுவும் மிஞ்சாது. முதலிலிருந்து புது வேலை.

அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயமான கேள்வி. இங்கே உங்களைக் காப்பாற்றுவது வாய்ச் சாமர்த்தியம் இல்லை, குவொட்டேஷனில் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று வரிதான்: “பாகத்தின் டிராயிங், ரெவிஷன் பி. இயந்திரம்: வாடிக்கையாளர் குறிப்பிட்ட வி.எம்.சி. செயல்: மேல்முகத்தில் நான்கு துளைகள் மட்டும்.” இது இருந்தால் பதில் எளிது. “நல்ல யோசனை சார். ரெண்டையும் சேர்த்துச் செய்யத் தனி குவொட்டேஷன் இன்னைக்கே அனுப்பறேன். அதுவரைக்கும் இப்ப உள்ளதை ஹோல்டுல வெச்சுக்கலாமா, இல்ல இதையே முடிச்சிடட்டுமா?” சண்டையில்லை, மூஞ்சி காட்டவில்லை. பாதிப் பேர் இந்த இடத்தில் ‘சரி, நாலே போதும்’ என்று சொல்லிவிடுவார்கள்.

ஆகவே அந்தத் தாளில் எதைச் செய்வீர்கள் என்பதைவிட எதைச் செய்யமாட்டீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். “ஃபிக்சர் தயாரிப்பு, ட்ரையல், ஹைட்ராலிக் பவர் பேக் தேர்வு, சி.என்.சி. புரோகிராம் இதில் அடங்காது” என்று வெளிப்படையாக. கணக்கர் என்றால் “நோட்டீஸ் வந்தால் பதில் தயாரிப்பது தனிக் கட்டணம்.” மென்பொருள் என்றால் “பழைய டேட்டாவை மாற்றித் தருவது அடங்காது.” சொல்லாமல் விட்டதெல்லாம் அடங்கும் என்றுதான் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார்.

திருத்தம் எத்தனை முறை என்பதையும் எழுத வேண்டும். நான் ஜி.ஏ. நிலையில் இரண்டு முறை என்று வைத்திருக்கிறேன்; ஒப்புதல் கையெழுத்துக்குப் பிறகு வருவது எதுவானாலும் மணிக்கணக்கில் கட்டணம். டிராயிங்கின் வலது ஓரத்தில் ரெவிஷன் கட்டம் ஒன்று இருக்குமே, அதை அலட்சியமாக நிரப்புகிறவர்கள் அதிகம். ‘மாடிஃபைடு’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். அப்படி எழுதாதீர்கள். ‘கிளாம்ப் 2 இடமாற்றம், வாடிக்கையாளர் மெயில், தேதி இன்னது’ என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஃபிக்சர் ஷாப் ஃப்ளோரில் இடிக்கும்போது, கிளாம்ப்பை அங்கே வைக்கச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கட்டம் பதில் சொல்லும். போனில் சொன்ன மாற்றத்தையும் ‘இப்போது பேசியபடி’ என்று அப்போதே மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு வரி போட்டுவிடுங்கள்.

அவர் தர வேண்டியவற்றுக்கும் தேதி வேண்டும். சாம்பிள் பாகம், மெஷின் மேனுவல், டி-ஸ்லாட் அளவு. இவை வந்த நாளிலிருந்து இத்தனை வேலை நாள் என்று கெடு சொல்லுங்கள். காலண்டர் தேதி சொன்னால், அவர் மூன்று வாரம் தாமதமாகச் சாம்பிள் அனுப்பிவிட்டு அதே தேதிக்கு டிராயிங் கேட்பார்.

உரிமை யாருக்கு என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் செய்து தரும் டிராயிங்கின் பதிப்புரிமையை (காப்பிரைட்) எழுத்தில் கொடுத்தால்தான் அது மாறும். எனவே ‘முழுத் தொகையும் வந்து சேர்ந்த பின்னரே உரிமை மாற்றப்படும்’ என்று ஒரு வரி. அதோடு, டிராயிங்கில் தவறு நேர்ந்தால் உங்கள் பொறுப்பு வாங்கிய கட்டணத்தோடு நிற்கும் என்று இன்னொரு வரி. ஃபிக்சரை மெஷினில் ஏற்றி ஸ்பிண்டில் அடிபட்டால் அதன் செலவு உங்கள் வருட வருமானத்தைத் தாண்டும்.

தவணையை எப்படிப் பிரிப்பது?

முன்பணம் 30, ஜி.ஏ. ஒப்புதலில் 40, மீதி 30 என்பது எனக்கு ஒத்துவந்த கணக்கு. எந்த நேரத்தில் எந்தக் கோப்பு போகிறது என்பது இதோடு பிணைந்திருக்க வேண்டும். ஒப்புதலுக்குப் பி.டி.எஃப். மட்டும், அதில் அமைப்பும் வெளி அளவுகளும் இருக்கும், பாகம் பாகமான அளவுகள் இருக்காது. இரண்டாம் தவணை வந்ததும் பாக டிராயிங்குகள். கடைசித் தவணை வந்ததும் 3டி மாடலும் திருத்தக்கூடிய மூலக் கோப்பும். மூலக் கோப்பு கையில் இருக்கும் வரை கடைசித் தவணைக்கு உயிர் உண்டு. முன்பணம் தரவே மாட்டோம் என்று சில பெரிய கம்பெனிகள் கொள்கையாகவே வைத்திருக்கும். அங்கே தவணைகளைச் சின்னச் சின்னதாக்கி, முதல் தவணையை ஒரு வாரத்தில் முடியும் கருத்துருவோடு கட்டிவிடுங்கள்.

பில்லும் வசூலும்

ஒரு லட்சம் ரூபாய் வேலை. 18,000 ஜி.எஸ்.டி. சேர்த்து 1,18,000க்குப் பில். வாடிக்கையாளர் ஒரு லட்சத்தில் 10 விழுக்காடு டி.டி.எஸ். பிடிப்பார், தொழில்நுட்பச் சேவை என்று எடுத்துக்கொண்டால் 2 விழுக்காடு. 10 என்றே வையுங்கள். வங்கிக்கு வருவது 1,08,000. அதில் 18,000 அரசாங்கத்துடையது. உங்கள் கையில் நிற்பது 90,000. பிடித்த 10,000 உங்கள் வரிக் கணக்கில் சேர வேண்டும். சேர்ந்ததா என்று காலாண்டுக்கு ஒரு முறை வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பவர்களும் உண்டு.

புதியவர்களை வீழ்த்துவது ஜி.எஸ்.டி. கட்ட வேண்டிய தேதிதான். பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி வரி கட்டியாக வேண்டும், காலாண்டு முறையில் இருந்தாலும் காலாண்டின் முதல் இரண்டு மாதத்துக்கான தொகை அடுத்த மாதம் 25க்குள் போக வேண்டும். வாடிக்கையாளர் பணம் தந்தாரா என்று அரசு கேட்காது. 90 நாள் கழித்துத் தரும் கம்பெனிக்கு மார்ச்சில் மூன்று லட்சத்துக்குப் பில் போட்டால் ஏப்ரலில் 54,000 உங்கள் சட்டைப் பையிலிருந்து போகும். வாராக்கடன் ஆனாலும் கட்டிய வரி திரும்பாது. தவணை பிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அந்தந்தக் கட்டம் முடிந்ததும் அந்தந்தத் தொகைக்கு மட்டும் பில் போடலாம். முன்பணத்துக்கும் சேவைத் தொழிலில் வாங்கியபோதே வரி உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

வசூல் ஒரு தனித் திறமை, கற்றுக்கொள்ளலாம். உங்களோடு டிராயிங் பேசும் இன்ஜினியருக்கும் பணம் தரும் ஆளுக்கும் சம்பந்தமில்லை. பி.ஓ. எண் இல்லாத பில் அக்கவுண்ட்ஸ் மேஜையில் அப்படியே கிடக்கும். பெரிய கம்பெனிகளில் வேலை முடிந்தது என்று துறைக்காரர் சிஸ்டத்தில் ‘சர்வீஸ் என்ட்ரி’ போட வேண்டும், அதைப் போடாமல் அவர் லீவில் போயிருப்பார். நீங்கள் அக்கவுண்ட்ஸுக்குப் போன் செய்துகொண்டே இருப்பீர்கள். பல இடங்களில் மாதத்தில் குறிப்பிட்ட ஓரிரு நாளில்தான் பணம் விடுவார்கள். அந்த நாள் எது, பட்டியல் எப்போது தயாராகிறது என்று முதல் வேலையிலேயே கேட்டு எழுதி வையுங்கள்.

கேட்பதில் கூச்சம் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். “சார், பேமெண்ட் கொஞ்சம் பாருங்க” என்றால் “மாடோண சார்” (செஞ்சிடலாம் சார்) என்று கன்னடத்தில் பதில் வரும், அதோடு சரி. “இன்வாய்ஸ் 24, தொகை 1,08,000, கெடு இம்மாதம் 12. சர்வீஸ் என்ட்ரி ஆகிவிட்டதா? 15ஆம் தேதிப் பட்டியலில் இருக்கிறதா?” என்று எழுதினால் ஆம், இல்லை என்று ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். கெடுவுக்கு மூன்று நாள் முன்பே அனுப்புங்கள். கெடு தாண்டிய பிறகு அனுப்பினால் அது புகாராகிவிடும்.

இப்போது உத்யம் பதிவுக்கு வருவோம். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எம்.எஸ்.எம்.இ. சட்டம் 2006இல் வந்தது. அதன்படி குறு, சிறு நிறுவனத்துக்குப் பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. இதெல்லாம் வெகுகாலம் ஏட்டில்தான் இருந்தது. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு கொக்கி போட்டார்கள்: இந்தக் கெடுவைத் தாண்டினால், பணத்தைக் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். அதன் பிறகு மார்ச் மாதத்தில் அக்கவுண்ட்ஸ்காரர்களே போன் செய்து உத்யம் எண் கேட்கிறார்கள். அந்த எண்ணைப் பில்லின் தலையிலேயே அச்சிடுங்கள். இன்னொரு பிடியும் இருக்கிறது. 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால் அந்தப் பில்லில் எடுத்த ஜி.எஸ்.டி. கழிவை அவர் திருப்பிக் கட்ட வேண்டும். மென்மையாக நினைவூட்டினால் போதும்.

அப்படியும் வராவிட்டால் அரசின் எம்.எஸ்.எம்.இ. இணையத் தளத்தில் புகார் கொடுத்து மாநிலக் கவுன்சிலுக்குப் போகலாம். போனால் அந்த வாடிக்கையாளர் உறவு அதோடு முடிந்தது. முடியட்டும் என்று தோன்றும்போது மட்டும் போங்கள். பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. ‘இவ்வளவு பாக்கி உண்மைதான்’ என்று கெடுவுக்குள் அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து மறுபடி மூன்று வருடம். ஆண்டு முடிவில் பாக்கிக் கணக்குக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கும் பழைய வழக்கத்தின் பயன் இதுதான்.

ஆள் சேர்ப்பது

முதல் ஆளைச் சேர்க்கும் முன் அவருடைய மூன்று மாதச் சம்பளத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் பணம் தராதது அவர் பிரச்சினை இல்லை.

எங்கள் துறைக்கு என்.டி.டி.எஃப்., ஜி.டி.டி.சி. பயிற்சி நிலையங்களின் டிப்ளமா பிள்ளைகள் அருமையாக வருவார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பெரிய கம்பெனி ஒன்று கூட்டிக்கொண்டு போகும். கோபப்படாதீர்கள், பெங்களூரின் இயல்பு அது. போகிறவர் போட்டித் தொழிலில் இறங்கக் கூடாது என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று இருக்கிறது. ரகசியம் காக்கும் ஒப்பந்தம் வேறு, அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் போனாலும் வேலை தங்க வேண்டும். அதற்கு வழி கோப்புகளுக்கு ஒரே மாதிரிப் பெயர், அடிக்கடி வரும் கிளாம்ப், லொகேட்டர், புஷ் எல்லாவற்றுக்கும் பொது நூலகம், ஒவ்வொரு வடிவமைப்புக்கும் ‘ஏன் இப்படிச் செய்தோம்’ என்று அரைப் பக்கக் குறிப்பு.

இன்னொரு கண் பார்க்காமல் எந்த டிராயிங்கும் வெளியே போகக் கூடாது. நீங்களே வரைந்ததாக இருந்தாலும் சரி, புதிதாகச் சேர்ந்த பிள்ளையைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவர் வேலை கற்றுக்கொள்வதும் அப்போதுதான்.

ஊழியர் எண்ணிக்கை 10 ஆனால் இ.எஸ்.ஐ., 20 ஆனால் பி.எஃப். கட்டாயமாகும். எட்டில் இருக்கும்போதே கணக்கரிடம் பேசத் தொடங்கிவிடுங்கள்.

ஒரே வாடிக்கையாளர்

வரவில் பாதிக்கு மேல் ஒருவரிடமிருந்து வந்தால் நீங்கள் தொழில் நடத்தவில்லை, பி.எஃப். இல்லாத வேலையில் இருக்கிறீர்கள். அவர் பர்சேஸ் மேனேஜர் மாறினாலே போதும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்போதே புதியவர்களைத் தேடி இறங்குங்கள்; வேலை நெருக்கும் மாதத்தில்தான் இது மறந்துபோகும்.

எல்லாம் செய்வோம் என்று சொல்வதாலும் புது வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள். ‘வார்ப்புப் பாகத்துக்கு ஹைட்ராலிக் ஃபிக்சர் என்றால் இவரிடம் போ’ என்று நாலு பேர் சொல்லும்படி ஒரு மூலையைப் பிடியுங்கள். மற்ற வேலை வந்தால் அதைச் செய்கிறவருக்கு அனுப்பிவிடுங்கள். அவரும் அனுப்புவார்.

வேலை முடிந்த பிறகு

கடைசித் தவணை வந்ததும் கோப்பை மூடி மறந்துவிடக் கூடாது. நான்கைந்து வருடம் கழித்து, தேய்ந்துபோன லொகேட்டருக்கு மாற்று செய்ய வேண்டும், டிராயிங் காணோம் என்று அதே கம்பெனியிலிருந்து யாரோ புதியவர் போன் செய்வார். அவரிடம் இருப்பது ஃபிக்சரில் பொறித்திருக்கும் எண் மட்டும். ஜி.எஸ்.டி. கணக்கு ஏடுகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. டிராயிங்கையும் ஒப்புதல் மெயில்களையும் அதற்கும் மேலே, இரண்டு இடத்தில் வையுங்கள். தேடி எடுத்துத் தருவதற்கு ஒரு சிறு கட்டணம், ரெவிஷன் போட்டுத் தருவதற்குத் தனிக் கட்டணம் என்று முதல் குவொட்டேஷனின் கடைசி வரியிலேயே எழுதி வைத்திருந்தால், அந்தப் போனில் விலை பேச வேண்டிய வேலை இருக்காது. பி.ஓ. எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.